சில்லறை

துவாஸ், விடிகாலை மூன்றரை.
பெர்த் காலியில்லை. வெளியே நங்கூரத்தில் ஏழு கப்பல்.
"எல்லாரும் ஒரே நிலாவிலிருந்துதானே திரும்பினார்கள்,
ஆளுக்கொரு வேகம் ஏன்?" என்கிறான் ஜுனைதி,
கோப்பிப் பையின் கயிற்றை விரலில் சுற்றியபடி.

கப்பல் அட்டவணையின் பின்புறம் வட்டம் போடுகிறேன்.
நிலா ஒருநாள் கிட்டே, ஒருநாள் எட்டே.
இங்கே பூமியும் சும்மா இருப்பதில்லை,
சுழன்றுகொண்டே இருக்கிறது;
மீட்புக்கப்பல் காத்திருக்கும் கடல்
அவர்கள் விழும் நேரத்துக்கு
அடியில் வந்து நிற்கவேண்டும்.
அதற்குத் தக்கபடி சிலர் விரைந்தார்கள்,
சிலர் சாவகாசமாக.

மற்றபடி விழுவது பூமியின் கணக்கு.
நொடிக்குப் பதினோரு கிலோமீட்டர்,
கிட்டத்தட்ட எல்லாருக்கும் அதுவே தந்துவிடும்.
கிளம்பும்போது நாம் போட்ட அவசரம்
வந்துசேரும்போது
வெறும் சில்லறை.

"அந்தச் சில்லறைக்கா அவ்வளவு எரிபொருள்?"

"அரைநாள் முந்தலாம்."

ஜுனைதி பேசவில்லை.
போன மாதம் கோத்தா பாருவில்
அப்பாவின் அடக்கம் முடிந்து
ஐந்து மணிநேரம் கழித்து இறங்கியவன்.

ரேடியோ கரகரக்கிறது. பெர்த் எப்போது?

ஆறு பத்துக்கு, என்கிறேன்.
ஒன்றும் அவசரமில்லை,
மெதுவாக வாருங்கள்.