பசுவின் பின்பாதி

புர்க்டோர்ஃபில் ஜூன் கடைசி வெள்ளி.
உடற்பயிற்சிக் கூடத்தின் ஏணிகளைச் சுவரோடு மடக்கிவிட்டுக்
கதிரைகள் போட்டிருக்கிறார்கள்.
ரப்பர் தரை, வேர்வை, யாரோ பூசிய வெயில்கிரீம்.
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
என் பின்னேர வேலையை பியாத்ரிஸிடம் மாற்றிக்கொண்டு
ஓடி வந்திருக்கிறேன்.
கையில் இன்னும் வெங்காயம்.

முதலில் ஒன்றாம் வகுப்பின் குழல்.
இருபத்திரண்டு குழல்கள், இருபத்திரண்டு அபிப்பிராயங்கள்.
அடுத்த பாட்டு முடிந்த பிறகும்
ஒரு சிறுமி கொஞ்சத் தூரம் தனியே பாடிப் போய்
திரும்பி வந்து
பல் விழுந்த வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு நாடகம்.

எங்கள் ஆரூரன் பசு.
முழுப் பசு இல்லை.
முன்பாதி யானிக். தலை, கொம்பு, நீளக் கண்ணிமை,
விவசாயி ஒருவர் இரவல் தந்த பெரிய மணி
எல்லாம் அவனுக்கு.
பின்பாதி இவன்.
சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்களாம்.
"வால் என்ர கையிலதான் அம்மா" என்று
பதவி கிடைத்தவன்போல வந்து சொன்னான்.

ஐந்து கிழமை, குசினிக்குள்
என் இடுப்பைப் பிடித்துக் குனிந்தபடி நடந்து பழகினான்.
சட்டி கழுவப் போனால் பசுவும் வரும்.
குளிர்பெட்டியைத் திறந்தால் பசு முட்டும்.
இரவில் முதுகுக்குத் தைலம்.

ஒத்திகைப் படத்தை ஸ்கார்பரோவுக்கு அனுப்பினோம்.
"எங்கயடா பெடியன்?" என்றார் இவருடைய தமையன்.
"அந்தப் பின்னங்கால் ரெண்டும்."
"எது?"
"வெள்ளைச் சப்பாத்து."

கதை இவ்வளவுதான்:
மலைக்கு ஏறும் மந்தையில் ஒரு பசு மூடுபனியில் தொலையும்.
ஊரே லாந்தரோடு தேடும்.
பசு ஒருதரம் "மூ" என்னும். கண்டுபிடிப்பார்கள்.
அந்த ஒரு "மூ" யானிக்குடையது.

புகை இயந்திரம் கனைத்தது.
லாந்தர்கள் மேடையைச் சுற்றின.
பசு நின்றது.
பசுவின் தலை கூட்டத்தைப் பார்த்தது,
கூட்டம் தலையைப் பார்த்தது.
மணிகூட அசையவில்லை.
பியானோவில் ஃப்ராவ் ஷ்டால்டர்
அதே நாலு அடியைத் திரும்ப வாசித்தார்.
திரும்பவும்.
லாந்தர்ப் பிள்ளைகள் மூன்றாம் சுற்று,
பசுவை உரசிக்கொண்டே போகிறார்கள், பாவங்கள்,
இன்னும் காணக் கூடாது என்பதால்
முகத்தை மறுபக்கம் திருப்பியபடி.
வெளியே பேர்ன் ரயில் வந்து, போயும் விட்டது.

அப்போது
பசுவின் பின்பக்கத்திலிருந்து

ம்மா…

மூ அல்ல.
இந்த மலைப்பக்கத்தில் எந்தப் பசுவும்
அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.
மின்வேலிக்கு வெளியே நின்று மட்டும் மாடு பார்த்த பிள்ளை.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் புத்தகத்தில்
ஆவன்னாவுக்குப் பக்கத்தில் நிற்குமே,
பழுப்பாக, ஒரு கண் பெரிதாக,
அது சொல்லிக்கொடுத்ததோ என்னவோ.

கூடம் வெடித்துச் சிரித்தது. லாந்தர்கள் பாய்ந்து பிடித்தன.
முன்பாதி திகைத்துப்போய் நடக்க
பின்பாதி ஓர் அடி பிந்தி வந்தது.
வால் மட்டும் நிற்காமல் ஆடியது.

சொசேஜ் வரிசையில் பிடித்தேன் அவனை,
மயிர் நெற்றியில் ஒட்ட, சிரப் குடித்துக்கொண்டு.
பக்கத்தில் யானிக், அழுது முடித்து, இரண்டாவது கிளாஸில்.
"என்னையா கூப்பிட்டனி?"
"இல்லையே. மாடு கத்தினது."

இரவு பதினொன்றுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது.
தமையன் குரல்செய்தி அனுப்பினார்:
"கால் வடிவாத் தெரியுது. குரலும் கேட்டது.
அது சரி, மாடு கத்தின உடன
'என்ன ராசா' எண்டு ஆரோ பதில் சொல்லுது,
அது ஆர்?"

இவர் என்னைப் பார்த்தார்.
நான்
வெள்ளைச் சப்பாத்தை ஊறப்போட எழும்பினேன்.