கடைசி டிராம் போன பிறகு

பன்னிரண்டு நாற்பதுக்கு
ரிஷார்டின் டிராம் எங்கள் சுவரைத் தாண்டும்.
எனக்கு அது சத்தமில்லை,
திரையில் ஓடும் பச்சைக் கோட்டில் ஒரு பள்ளம்.
காந்தப்புலம் ஒரு கணம் தடுமாறி
மறுபடி பிடித்துக்கொள்ளும்.
பள்ளம் தாமதமானால் அண்ணன் தாமதம்.
போஸ்னானில் ஓர் ஓட்டுநரை இப்படி வேவு பார்ப்பவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகுதான் என் வேலை.
கண்ணாடிக் குழாயில் இரண்டு விரற்கடை பென்சீன்.
ஒரு ரேடியோத் துடிப்பு,
கண்ணிமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை,
நிமிர்ந்து நின்ற சுழற்சிகள் தலைகீழ்.
பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.
எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வியே.
சீக்கிரம் கேட்டால்
சிகரம் வௌவாலாய்த் தொங்குகிறது.
கொஞ்சம் விட்டுக் கேட்டால் குட்டையாகிறது.
ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை.
இரைச்சல், தட்டைக் கோடு.
புது மாணவர்கள் அங்கேதான் பதறிப்போய்
கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பார்கள்.
எதுவும் அறுந்திருக்காது.
கவிழ்ந்ததும் நிமிர்ந்ததும்
சரிபாதியாய் இருக்கிற நொடி அது.

அதிலிருந்து கணக்கிட்டால் வருவது தளர்வு நேரம்.
யார் வைத்த பெயரோ.
எழுந்திருப்பதற்குப் போய்த்
தளர்வென்று சொல்வார்களா?

பிப்ரவரி பதினொன்று. பனி.
பள்ளம் வரவில்லை.
ஒரு மணி. ஒன்றேகால்.
கோடு இவ்வளவு நேராக ஓடி நான் பார்த்ததே இல்லை.
இதற்காகத்தானே ஐந்து வருடம்
நகராட்சிக்கு மனு எழுதினோம்.
அந்த நேர்த்தியைப் பார்க்கப் பார்க்க
வயிற்றில் என்னவோ புரண்டது.

ஒன்றரைக்குக் கதவு தட்டினான்.
புருவமெல்லாம் பனி.
"தண்டவாளம் உறைந்துபோச்சு,
பாலத்தடியில் வண்டியை விட்டுவிட்டு நடந்தேன்.
டீ இருக்கா?"
சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்தினேன்.
சாவிக்கொத்து, பேனாக்கத்தி, பெல்ட்,
இரும்பிரும்பாய் மேசைமேல் கழற்றி வைத்தான்.

நொடி நேரம் உழைத்துவிட்டு
நூறு நொடி சும்மா கிடக்கும் இயந்திரத்தை
அவனால் பொறுக்க முடியவில்லை.
"இதற்கா உனக்குச் சம்பளம்?"
ஐந்து மடங்கு விடணும், என்றேன்,
எல்லாம் நிமிர்ந்து முடிகிறவரை.
கோப்பையை ஊதினான்.
"சரிதான். கடைசி ஆள் ஏறுமுன்
கதவைச் சாத்தினால் யாராவது கையைக் கொடுப்பான்."

பூஜ்யம் இரண்டாம் நொடியிலேயே வந்தது.
பதின்மூன்றில் வந்திருக்க வேண்டும்.
டிராம் மேல் பழி போடவும் வழியில்லை இன்று.
குழாயை எடுத்து விளக்கில் திருப்பினேன்.
உருக்கி மூடிய நுனியில்
மயிரிழை விரிசல்.
உள்ளே காற்று.
ஆக்சிஜன் தானே ஒரு குட்டிக் காந்தம்;
இடித்து இடித்து
எல்லாவற்றையும் முன்னதாகவே எழுப்பிவிட்டிருக்கிறது.

"நான் கொண்டுவந்த காற்றா?"
நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டான்.
இல்லை. என்னுடையது.
செவ்வாய்க்கிழமை, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

புதுக் குழாய்.
திரவ நைட்ரஜனில் உறையவைத்து,
பம்பு போட்டு, மூடி, உருகவிட்டோம்.
அவன் டார்ச் பிடித்தான்.
உருகுகிற பென்சீனிலிருந்து
குமிழ்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று மேலே போயின.
மூன்று முறை. மூன்றாவதில் ஒரே ஒரு குமிழ்.
அவன்தான் முதலில் பார்த்தான்.

பிறகு நாற்காலியிலேயே தூங்கிவிட்டான்.
பதின்மூன்றாம் நொடியில்
கோடு தட்டையானது.
எழுப்பிக் காட்டலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்,
ஒன்றுமில்லாததை எப்படிக் காட்டுவது.

ஐந்து பத்துக்குப் பச்சைக் கோட்டில் பள்ளம்.
யாரோ வேறொருவர் ஓட்டுகிறார்,
வளைவில் கொஞ்சம் வேகம்.
அந்த ஒரு புள்ளியை அடித்துவிட்டு
மறுபடி கவிழ்த்தேன்.