முகத்துவாரம்

சோளகம் முடிய
கரைவலையை அலம்பிக் காயப்போட்டோம்.
இனித் தை மட்டும் கடல் எங்களுக்கில்லை.
வாடை பெயர்ந்தால் நாயாற்றில்
கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
களப்பைப் பார்த்து இருப்போம்.

எட்டு நாள் மழை.
காட்டாறுகள் கொண்டுவந்த தேத்தண்ணி நிறம்
களப்பு முழுக்க.
பாலத்துத் தூணில் மரியநாயகம் கீறிய சிவப்புக் கோட்டுக்கு
இன்னும் நாலு விரல்.

சங்கக் கூட்டத்தில் தீர்மானம்:
பத்தாந்தேதி மட்டும் முகத்துவாரம் வெட்டுறேல்லை.
இறால் இன்னும் சுண்டுவிரல்;
இப்ப திறந்தால் எல்லாம் கடலுக்குத் தானம்.
கை தூக்கினவர்களில் நானும் ஒருவன்.
நன்றாக உயர்த்தித்தான் தூக்கினேன்.

அக்காவின் வயல் களப்பின் மேற்குக் கரையில்.
யூஜினா. எங்கள் குடும்பத்தில்
மீன்காரனைக் கட்டாமல் போன ஒரே ஆள்.
மூன்று ஏக்கர் ஆட்டக்காரி,
அடகில் தோடு, கடனில் பசளை.
அத்தான் சிவபாதம் கூட்டத்துக்கு வந்தவர்,
கடைசிக் கதிரையில் இருந்தவர்,
ஒன்றும் சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு போனவர்.

ஏழாந்தேதி இரவு
வீச்சுவலையோடு மணல்திட்டுக்குப் போனேன்.
கொடுவா வரும் நேரம்.
புதுத்தண்ணி மணம் பட்டதும்
களப்பின் ஆழத்திலிருந்து எழும்பி வந்து
திட்டோடு ஒட்டி நிற்கும், தலை கிழக்கே,
அந்தப் பக்கம் அலை உடைகிற சத்தத்தைக் கேட்டபடி.
வயிறு முழுக்க முட்டை.
கதவு திறக்கும்வரை அசையாது.
பிடிக்க அதைவிட லேசான இரவு வருஷத்தில் இல்லை;
அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

வலையைத் தோளில் மடித்தபோது
சதக். சதக்.
ஈர மணலில் மண்வெட்டி.

"ஆரது?"
சத்தம் நின்றது.
ரோச் வெளிச்சத்தில்
சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு
அக்கா.
பின்னால் ஒரு முழ ஆழத்தில் இருபது அடி வாய்க்கால்.
ஓடவில்லை. கண்ணைச் சுருக்கி,
"முகத்துக்கு அடியாதை. கீழ பிடி."

என்ன செய்வான் சங்க உறுப்பினன்?
கீழே பிடித்தேன்.

"பயிர் கழுத்து மட்டும் நிக்குதடா.
இன்னும் ரெண்டு நாள்தான் மூச்சுப் பிடிக்கும்."
"இறால்..."
"இறாலுக்கு நீந்தத் தெரியும்."

இரண்டு கொத்து, மூன்று கொத்து,
ணங்.

இந்த ஊரில் மண்ணுக்குள் இரும்பு பட்டால்
முதலில் கை நிற்கும், பிறகு மூச்சு.
மிதிவெடி எடுத்தவர்கள் மஞ்சள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்
ஒன்பது வருஷம்.
காகிதத்தில் இந்த மணல் சுத்தம்.

"அசையாதை" என்றேன்.
குப்புறப் படுத்து விரலால் மணலை விலக்கினேன்,
பக்கவாட்டில், மெதுவாக.
ரோச்சை அவள் வாங்கிக்கொண்டாள்.
தள்ளிப் போகச் சொன்னேன்; போகவில்லை.
அவளுடைய மூச்சு என் பிடரியில் சுட்டது.

ஒரு நங்கூரத்தின் உடைந்த கொழுக்கி.
துரு. துருவில் ஒட்டிய இரண்டு மட்டி.

அவள் சிரிக்கத் தொடங்கினாள்.
சிரிப்பு இருமலாகி, இருமல் வேறென்னவோ ஆகி,
மணலில் இருந்துவிட்டாள்.
நான் மண்வெட்டியை எடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
ரோச் அவள் கையில் இருந்தது,
மண்வெட்டி சும்மா கிடந்தது.

கடைசித் துண்டைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது.
முதலில் பிள்ளை மூத்திரம்போல ஒரு கோடு.
பிறகு இரண்டு கரையும் பாண் பிய்த்தாற்போல் விழ,
களப்பு எழும்பி நடந்தது.

கொடுவாக்கள் போயின.
காலில் இடித்துக்கொண்டு, ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு,
வெளிச்சம் பட்ட கண் ஒவ்வொன்றும் தணல்.
ஒரு வீச்சில் இரண்டு மாதச் சீட்டுக்காசு.
வலை தோளிலேயே கிடந்தது.

"எறியன்ரா" என்றாள்.
"வாற வருஷத்துக்கு?"
"ஒண்டுக்கு என்னடா வந்தது."
எறிந்தேன். மூன்று வந்தன; இரண்டைக் கவிழ்த்துவிட்டோம்.
தலை அவளுக்கு, வால் எனக்கு,
நடுத்துண்டை இருட்டில் அளவு பார்த்துச் சண்டை பிடித்தோம்.

காலையில் மரியநாயகம் தூணைப் பார்த்தார்.
சிவப்புக் கோட்டுக்குக் கீழே இரண்டு முழம்.
"வெட்டினவன் கையைத் தூக்கு."

மழை விட்டிருந்தது.
என் உள்ளங்கைக் கொப்பளம் உடைந்து
சாரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.