பன்னிரண்டு தசம் இரண்டு

மீற்றரின் சிவப்புக் கம்பியைச் சிவப்பிலும்
கறுப்பைக் கறுப்பிலும் தொட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.
பன்னிரண்டு தசம் இரண்டு.
பாதி.
இதற்குக் கீழே இறக்காதே என்று
எமிலிடம் எத்தனை தரம் சொல்லியாயிற்று.
பாதிக்குக் கீழே போய்ப்போய் வந்த பற்றரி
பிறகு ஏறாது,
ஏறினதாய் நடிக்கும்.

விடியப் படகை இழுத்துவிட்ட கையோடு
மீனை ஐஸில் போடுகிற அவசரம் எல்லோருக்கும்.
பற்றரி வெயிலில் கிடக்கும்.
கள்ளப்பாட்டு வெயில்,
பத்து மணிக்கே மணல் செருப்புக் கேட்கும்.
மீன் பழுதானால் மூக்குக்குத் தெரியும்.
பற்றரி உள்ளே வேகிறது யாருக்குத் தெரியும்?
அதனால் பதினேழு கிலோவை
இடுப்பில் அணைத்து நான்தான் தூக்கி வருகிறேன்.
நிழலில் ஆறவிட்டுப் பிறகுதான் சார்ஜர்.

முனைகளில் பூத்த பச்சை மாவை
அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணியில் தேய்த்து,
துடைத்து, வசிலின் பூசி,
மூடிகளைத் திறந்து
தகடு முழுகும்வரை மட்டும்
வடித்த தண்ணீர்.
கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் போன ஒன்று
கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டாக நிற்கிறது.

சீமெந்தில் வைத்தால் சார்ச் நிலத்துக்குள் இறங்கிவிடுமாம்,
பற்றரிக்கடை வரதகுமார் சொன்னது.
பொய் என்று இப்போது தெரியும்.
ஆனாலும் பலகை போட்டுத்தான் வைக்கிறேன்,
எதற்கு வீண்வம்பு.

இரவு ஏழுக்கு றெஜினோல்ட் எடுப்பான்,
சித்தியின் மகன்.
அங்கே காலை எட்டரை.
அவன் நிற்பது குளத்தின்மேல்.
ஒரு முழ ஐஸைத் துளைத்து
துளைக்குள் தூண்டில்,
பக்கத்தில் எங்களுடையதைப் போலவே ஒரு மீன்காட்டி.
எமில் எட்டிப் பார்த்து ஒருநாள் கேட்டான்:
"மீனுக்கு மேலேயே ஐஸ், காசு மிச்சம் என்ன?"

அவனுடைய பற்றரி இரண்டு கிலோவும் வராது.
லிதியம்.
குளிரில் சோர்ந்துவிடும் என்று
ஜாக்கெற்றுக்குள் நெஞ்சோடு வைத்திருக்கிறான்.
உறைந்ததற்குச் சார்ச் போடவே கூடாதாம்,
வீட்டில் வைத்துக் குளிர் விடும்வரை காத்திருக்க வேணுமாம்.
சொல்கிறான்,
ஆறவிட்டுக் காத்திருக்கிற எனக்கு.

பற்றரி வரத் தடை இருந்த காலம்,
தீர்ந்த ரோச் பற்றரிகளைக்
கூரைத் தகரத்தில் காயவைத்து,
பல்லால் கடித்து,
செய்தி முடியும்வரை ரேடியோவை இழுத்தவர்கள் இரண்டு பேரும்.
அந்தக் கதையை அவன் எடுப்பதில்லை.
நானும்.
"எத்தனையோட அனுப்பினீ?" என்பான்.
"தசம் ஆறு."
"காணும். திரை வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லு.
மீன் கண்டாப் பிறகு மெசினை நிப்பாட்டச் சொல்லு."
சொன்னால் கேட்கிற ஆளா?

இன்றைக்கு "கொஞ்சம் பொறு, ஏதோ கடிக்குது"
என்றவன் அப்படியே அறுந்து போனான்.
முப்பது வீதம் இருந்தது, குளிர்தான்,
என்று பிறகு எடுத்துச் சொல்வான்.
எப்போதும் அதுதான்.
முதல் தரம் ஐஸ் வெடித்துவிட்டது என்று நினைத்து
விடியும்வரை நான் படுக்கவில்லை.
இப்போது பழகிவிட்டது.
பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு
அடுப்படிக்கும் படலைக்கும் நடக்கிறேன்.

கடலில் எமிலின் திரையில்
எங்கள் கரை ஒரு சின்ன வீட்டுப் படம்.
சார்ச் இருக்கும்வரை அது அங்கே இருக்கும்.
ஒன்று நெஞ்சுச் சூட்டில்,
ஒன்று அணியத்துப் பெட்டிக்குள்,
இரண்டும் என் மீற்றருக்கு எட்டாத தூரத்தில்.

என் போனைப் பார்க்கிறேன்.
ஒன்பது வீதம்.
ஊர்ப் பற்றரிக்கெல்லாம் நாடி பிடிக்கிறவள்
இதை மறந்துபோனேன்.
சார்ச் வயரைத் தேடுகிறேன்,
மேசையில், தலையணைக்குக் கீழே, சட்டைப் பையில்.
எமில் அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டான்.