திராட்சை ரசம்

மூன்று பெண்கள். நாசிக்கிலிருந்து வந்தார்கள்.
அதற்கு முன்னால் போர்ச்சுகல், அதற்கும் முன்னால் ஜார்ஜியா.
ஊர் ஊராகப் போய் வைன் குடித்துப் பார்ப்பதுதான் பயணமாம்.
பாஸ்போர்ட்டை நகலெடுக்கையில் கவனித்தேன்,
மூவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது.
கூட வந்த ஆண் என்று சொன்னால்
வாடகைக் கார் டிரைவர் மட்டும்.

கானாடுகாத்தானில் எங்கள் ஓட்டலில்
தரைக்கு இத்தாலிச் சலவைக்கல் உண்டு,
பார் லைசென்ஸ் கிடையாது.
இதைச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை.
ஷூ மின் போனை நீட்டினாள்.
செய்தி வாசிக்கும் குரலில் அது கேட்டது:
"தங்களிடம் உள்ளூர்த் திராட்சை ரசம் உள்ளதா?"

நான் வாய் திறப்பதற்குள்
சமையற்கட்டு வாசலில் நின்ற பெரியகருப்பன்
"அதுக்கென்ன, கால் மணி நேரம்" என்று
உள்ளே போய்விட்டார்.

பன்னீர் திராட்சை அரைக் கிலோ, மிளகு, சீரகம்,
தோலோடு தட்டிய பூண்டு, நெய்யில் கடுகு.
யாரோ கல்யாண போட்டோவுக்குக் கொண்டுவந்து
மறந்துபோன நீளக்கால் கிளாஸ்களில் ஊற்றி
அவரே தட்டில் ஏந்தி வந்தார்,
மீசையில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு.

அவர்கள் சிரிக்கவில்லை.
வெள்ளைத் துண்டைப் பின்னால் பிடித்து
நிறம் பார்த்தார்கள்.
சுழற்றினார்கள்.
கிளாஸுக்குள் மூக்கை விட்ட தாவ் சிங்
மூன்று தரம் தும்மினாள்.
பிறகு நோட்டில் எழுதி, போனிடம் சொல்லி,
பெரியகருப்பனிடம் காட்டினார்கள்:
"நடுவில் மிளகு. இறுதியில் நெருப்பு.
வயது: பதினைந்து நிமிடம்.
இன்னொரு கிண்ணம் கிடைக்குமா?"

ராத்திரி இரண்டாம் கட்டு முற்றத்தில்
தங்கள் பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தார்கள்.
மேனேஜர் கணக்கு நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.
தண்ணீர் வைக்கப் போன என் கையை
யூஹுவா பிடித்துத் திருப்பினாள்.
கட்டைவிரல் அடியில் காய்ப்பு.
இரண்டு விரலால் வெட்டிக் காட்டினாள். கத்தரியா?

கத்தரிதான்.
சுருளிப்பட்டி. அப்பாவுக்கு ஒரு ஏக்கர் பந்தல்.
ஏழு வயதிலிருந்து வெட்டியிருக்கிறேன், பன்னீர் திராட்சை.
போன் அதைப் பாலாடைக்கட்டி என்று சொல்லியிருக்க வேண்டும்,
மூவரும் ரொம்ப நேரம் குழம்பினார்கள்.
யூஹுவா தன் கட்டைவிரலை நீட்டினாள்.
அதே இடம், அதே காய்ப்பு.
அவள் ஊர் மலையடிவாரம், பாலைவனத்தை ஒட்டி.
"குளிர் தொடங்கியதும் புதைத்துவிடுவோம்" என்றது போன்.
யாரை என்று கேட்டேன், நெஞ்சு திக்கென்று.
"கொடியை."

தரையில் உட்கார்ந்தே செய்து காட்டினாள்.
கம்பியிலிருந்து அவிழ்த்து, முறியாமல் சாய்த்து,
படுக்கவைத்து, மேலே மண் தள்ளி.
பனி போனபின் தோண்டித் தூக்கிக் கட்டுவார்களாம்,
வருஷா வருஷம், ஒவ்வொரு கொடியையும்.

அப்புறம் கிளாஸை என் பக்கம் நகர்த்தினாள்.
பதினெட்டு வருஷம் திராட்சை வெட்டியவள்,
ஒரு சொட்டு வைன் வாயில் பட்டதில்லை.
ஒரு வாய் குடித்தேன்.
துவர்க்குது என்றேன். அதை போன் உடனே புரிந்துகொண்டது.
என்ன வாசம் என்று கேட்டார்கள்.
மருந்தடிச்ச மறுநாள் மழை வந்தா
பந்தலுக்கடியில வருமே, அந்த வாசம் என்றேன்.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

விடியுமுன் கிளம்பிவிட்டார்கள், மதுரைக்கு.
காலிப் பாட்டிலைத் தினத்தாளில் சுற்றி
என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
லேபிளில் ஓர் எழுத்தும் தெரியாது,
ஒரு மலை மட்டும் கோட்டுப்படமாக.

பத்து மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன்.
வைன் குடித்ததைச் சொல்லவில்லை.
குளிருக்குக் கொடியைப் புதைக்கிற ஊரைச் சொன்னேன்.
பொய் என்பார், கிறுக்கு என்பார் என்று நினைத்தேன்.
அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம்,
வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம்.
பிறகு கேட்டார்:
"எத்தனை அடி ஆழம்?"