சத்தம் நாற்பத்தெட்டு

எட்டுத் தறி ஓடற செட்டுக்கு ஒட்டுன வீடு.
நடுச்சொவரு ஒத்தைக் கல்லு.
டிவி சத்தம் நாற்பத்தெட்டுல இருந்தாத்தான்
நரிக்குட்டி பேசறது பையன் காதுக்கு உழுகும்.

அவங்கம்மா ஏழரைக்கெல்லாம்
பல்லடத்துக் கம்பெனி வண்டி ஏறீருவா.
நான் பாவுல ஒரு கண்ணும்
அறுந்த நூல்ல ரெண்டு விரலுமா நிப்பேன்.
சர்வேசுக்கு நாலரை வயசு.
ரிமோட்டுக்கு மூடி இல்ல, ரப்பர் பேண்டு போட்டது.
அதைப் பிடிச்சபடியே தூங்குவான்.

ஆடி நோம்பிக்கு ஒறம்பரை வந்திருந்தாங்க.
"மாமா, தயவுசெய்து அமருங்கள்.
உங்களுக்குப் பசிக்கிறதா?"
சோமனூர்க்காரருக்குச் சிரிச்சுச் சிரிச்சுக்
காப்பி மூக்குல ஏறிப்போச்சு.
"ஏனுங் மாப்ள, பையனை எங்கீங் படிக்க வெக்கறீங்?"
எனக்குங்கூடப் பெருமைதான். மறைக்கல.

மூத்தவ பிரகல்யா ஒம்பதாவது.
அவளுக்கு ராத்திரி நாடகம்.
"கண்ணு, சோத்தைப் போடு"ன்னா
சட்டுனு திரும்ப மாட்டா.
ஒரே திரும்பலை மூணு தடவை திரும்புவா.
நடுவுல இடிச்சத்தம்
நாமளே போட்டுக்கோணும்.

நேத்து மத்தியானம் கரண்டு போச்சு.
நாடா பாதி வழியில நின்னுது.
என்ற காதுக்குள்ள மட்டும் தறி ஓடீட்டே இருந்துச்சு.

கதவோரம் வந்து நின்னான்.
"அப்பா, இங்கே மிகவும் அமைதியாக இருக்கிறது.
எனக்குப் பயமாக இருக்கிறது."

சிரிச்சேன். எப்பவும் சிரிக்கறதுதானே.
பொறவுதான் லுங்கியப் பிடிச்ச கையைப் பாத்தேன்.
டவுசர் நனைஞ்சிருந்துச்சு.

தறி ஓடற வீட்டுல நாங்க பேசறது கையில.
ரெண்டு விரல் தூக்குனா, டீ.
உள்ளங்கையக் கவுத்துனா, இரு, வர்றேன்.
காதைத் தொட்டா, அம்மா போன் பண்ணுனா.
பயத்துக்கு ஒரு சைகை
நாங்க வெக்கவே இல்ல.

தூக்கிக்கிட்டேன்.
நெம்ப நேரம் வாய் வரல.
வந்தப்ப,
"கவலைப்படாதே நண்பனே, நான் இருக்கிறேன்."
அச்சு அசல் நரிக்குட்டி.
சோத்துக்கு உக்காரற கால் மணி நேரத்துல
எனக்கும் ஏறியிருக்கு.

என்ற மூஞ்சியவே பாத்தான்,
அடுத்தது என்ன வரும்ங்கற மாதிரி.
பொறவு என்னமோ சொல்ல வாயெடுத்தான்.
அதுக்குள்ள கரண்டு வந்துருச்சு.
எட்டுத் தறியும் நரிக்குட்டியும் ஒண்ணா.

உதடு அசைஞ்சது தெரியும்.
எந்தப் பேச்சுல சொன்னான்னு கேக்கல.

மூணாந்தறி நூலறுந்து நின்னுது.
அவனை எறக்கி உடாம
உள்ளங்கையக் கவுத்துனேன்,
தறிக்கு.