ஈய முத்திரை

பொலோஞா நகரசபையின் மேல்மாடத்தில்
ஒரு நீள மேசை. முழக்கோல். மைக்கூடு.
கணப்பின் மேல் கரண்டியில் உருகும் ஈயம்.
பேரேடு எழுதுகிறவன் நான்.

சட்டம் சின்னது:
வெள்ளிச் சரிகையும் பனிக்கீரியின் வெண்மயிரும் வைத்து
இனி எவரும் தைக்கக் கூடாது.
தைத்தாகிவிட்டதை மட்டும்
இங்கே கொண்டுவந்து காட்டி
விளிம்பில் ஈயம் பதித்துக்கொண்டு போகலாம்.

முதல் நாள் முதலில் வந்தவள்
வட்டிக்கடை குயிதோத்தோவின் மனைவி தொம்மாசா.
குங்குமச் சிவப்பில் கம்பளி அங்கி,
கைகளில் நூற்றெண்பது வெள்ளி நட்சத்திரம் என்றாள்.
எண்ணினேன். இரண்டு குறைந்தது.
"கோயிலில் உதிர்ந்துவிட்டன. அவற்றையும் எழுது."

அடுத்தது பச்சைப் பட்டு.
தரையில் புரளும் வாலுக்கு மட்டும் கோல் வைத்தேன்:
மூன்று முழம்.
என் பிள்ளைகள் இருவருக்கும் சட்டை வரும்.
அதை எழுத ஏட்டில் பத்தி இல்லை.

ஆள் பாதி ஆடை பாதியாம்.
என் மேசைக்கு வந்ததெல்லாம் முழு ஆடை;
ஆள், அதை மாட்டி வந்த கொக்கி.

என் அங்கியையும் சொல்லிவிடுகிறேன்.
வெளுத்துப்போனதால் தையற்காரன் பிரித்து
உள்ளை வெளியாக்கித் தைத்துக் கொடுத்தான்.
பொத்தான்கள் இப்போது தப்பான பக்கம்.
குனிந்தே எழுதுகிறவனுக்கு
அது ஒன்றும் தெரியாது.

மூன்றாம் வாரம், விளக்கு வைக்கும் நேரம்,
தோல் பதனிடும் சனெல்லோவின் மனைவி கிஸ்லா வந்தாள்.
அவளுக்கு முன்னால் வந்தது
சுண்ணாம்புக் குழியின் வாடை.
வரிசையில் நின்ற பட்டுகள் விலகி வழிவிட்டன.

விரித்தாள்: பழுப்புக் கம்பளி.
சரிகை இல்லை, மயிர் இல்லை,
முழங்கையில் வேறு நிறத்தில் ஓர் ஒட்டு.

"இதில் தடுக்க ஒன்றுமில்லையே, அம்மா."
"தெரியும். முத்திரை வை."
"குற்றம் இருந்தால்தானே..."
"ஞாயிறு பூசைக்கு நீ வருவதில்லையா?
ஈயம் வெளியே தெரியட்டும் என்று
விளிம்பைத் தூக்கித் தூக்கி நடக்கிறார்கள்.
இல்லாதவளைப் பார்த்து,
பதிய ஒன்றுமில்லையா என்று கேட்கிறார்கள்."

சட்டத்தைப் புரட்டினேன்.
இப்படி ஒருத்தி வருவாள் என்று
எழுதியவர்கள் யாரும் நினைக்கவில்லை.

அவள் போகவில்லை.
கணப்பு அடங்கிக்கொண்டிருந்தது.
கரண்டியின் அடியில் ஒரு துளி
இன்னும் அசைந்தது.

ஊற்றி, அழுத்தி,
ஆறுவதற்குள் ஏட்டில் எழுதினேன்:

எண் இருநூற்றுப் பதினொன்று.
பழுப்பு அங்கி, பழையது.
உடையவள்: கிஸ்லா.
தடுக்கப்பட்ட அலங்காரம்:
ஈய முத்திரை, ஒன்று.